வாட்ச்மேன் நோட்டில் ஒரு பெயர்

இந்த அரங்கத்தின் வாசலில் நீலச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் நிற்கிறார். உள்ளே வந்தவர்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாடாளுமன்றம் பார்த்திருக்கிறது. 2005-ன் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65-ஐ எட்டியிருக்கக் கூடாது. அவருடைய நடத்தையும் முன்வரலாறும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். மறு ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் அவர் உடம்பையே அளந்து பார்க்கின்றன. ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர். மார்பளவு 80 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 4 விரிய வேண்டும். தட்டைப் பாதம் ஆகாது, நிறங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும், ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். இவற்றோடு 160 மணி நேரப் பயிற்சி வேறு.

அவரை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கும் கிடுக்கிப்பிடிதான். உள்துறையில் இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000 என்று கட்டணம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லா வாசலிலும் இப்படித்தான் நடக்கிறதா என்று கேட்டால் சிரிப்புதான் வரும். எழுபதைத் தொட்ட பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணயர்ந்திருப்பதைப் பார்க்காத அடுக்குமாடிவாசி உண்டா? ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

இப்போது அதே தெருவில், மருந்துக்கடைக்கு மேல் முதல் மாடியைப் பார்க்கலாம். துப்பறியும் நிறுவனத்தின் பலகை தொங்குகிறது. திருமணத்துக்கு முன் விசாரணை, திருமணத்துக்குப் பின் விசாரணை, பணியாளர் பின்னணி, காணாமல் போனோர். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் எந்த உயரமும் இருக்கலாம், எந்த வயதும் இருக்கலாம். அவருக்குப் பயிற்சி உண்டா, அவர் மேல் வழக்கு உண்டா என்று கேட்க எந்த அதிகாரிக்கும் சட்டம் வேலை கொடுக்கவில்லை. கடை வைத்திருக்கும் யாரும் வாங்கும் பதிவும், ஒரு ஜி.எஸ்.டி. எண்ணும், ஒரு விசிட்டிங் கார்டும் போதும். தேவனின் துப்பறியும் சாம்புவிடம் யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. கதையில் அது நகைச்சுவை. முதல் மாடியில் அது நிலவரம்.

இதைச் சரிசெய்ய முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2007 ஆகஸ்டில் மாநிலங்களவையில் தனியார் துப்பறியும் நிறுவனங்கள் ஒழுங்குமுறை மசோதா தாக்கலானது. மத்தியில் ஒரு வாரியம், மாநிலந்தோறும் ஒரு வாரியம், உரிமம் இல்லாமல் தொழில் செய்யத் தடை என்பது அதன் சாரம். உள்துறை நிலைக்குழுவுக்குப் போனது. 2009-ல் குழுவின் அறிக்கை வந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் அசைவே இல்லை. கடைசியில், நிறைவேறாமலேயே திரும்பப் பெறப்பட்டது. தொழிலில் இருப்பவர்களின் சங்கமே சட்டம் வேண்டும் என்று கேட்ட துறை இது. கேட்டும் கிடைக்கவில்லை.

அரசுகள் துப்பறிவாளரைப் பார்த்து முதலில் பயந்ததற்கான காரணம் வேறு. உலகின் முதல் தனியார் துப்பறியும் அலுவலகம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவதை 1833-ல் பாரிஸில் திறந்தவர் விடோக். முன்னாள் சிறைக் கைதி, பிறகு போலீஸின் ரகசியப் பிரிவையே நடத்தியவர். இன்றைய உரிம விதிகள் அன்று இருந்திருந்தால் முதல் கேள்வியிலேயே அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியாகியிருக்கும். அமெரிக்காவில் ஆலன் பிங்கர்ட்டன் 1850-களில் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் திறந்த கண் ஒன்றை முத்திரையாக வைத்துக்கொண்டது. வளர வளர அது முதலாளிகளின் படையாகவும் ஆனது. 1892 ஜூலை 6-ம் தேதி, பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை எதிர்கொள்ள சுமார் 300 பிங்கர்ட்டன் ஆட்கள் படகுகளில் ஆற்றுவழியே வந்து இறங்க முயன்றார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே, பிங்கர்ட்டன் போன்ற நிறுவனங்களின் ஆட்களை மத்திய அரசு வேலைக்கு வைக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.

ஆக, அன்றைய பயம் துப்பாக்கியைப் பற்றியது. இன்றைய பயம் முகவரியைப் பற்றியது. இடையில் என்ன நடந்தது என்று பார்க்கக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் துப்பறிவாளர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வயோமிங், தெற்கு டக்கோட்டா போன்ற சில இடங்களில் மாநில அளவில் உரிமம் என்ற ஒன்றே இல்லை. கலிபோர்னியா 1915-லேயே இந்தத் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இன்று அங்கே உரிமம் வேண்டுமானால் சம்பளத்துக்குச் செய்த புலனாய்வு வேலையில் 6,000 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். தோராயமாக மூன்று ஆண்டு முழுநேர வேலை. சட்டமோ காவல் அறிவியலோ படித்துப் பட்டம் வாங்கியிருந்தால் 4,000 மணி நேரம் போதும். கைரேகை எடுத்து மாநில, மத்தியக் குற்றப் பதிவுகளில் ஒப்பிடுவார்கள். இரண்டு மணி நேரத் தேர்வும் உண்டு. வாடிக்கையாளரிடம் தெரிந்தே பொய் அறிக்கை கொடுப்பது அங்கே சட்டமீறல். போலீஸ்காரர் போன்ற தோற்றம் காட்டுவதும் அப்படித்தான். நுணுக்கமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் இந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை யாரைக் காக்கின்றன? காசு கொடுத்து அமர்த்தும் வாடிக்கையாளரைத்தான். இந்தத் தொழிலில் இரண்டு பேர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள், விலை மூன்றாவது ஆளின் வாழ்க்கை. அந்த மூன்றாவது ஆளுக்கு ஒப்பந்தம் நடப்பதே தெரியாது.

1989 ஜூலை 18. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டின் அழைப்புமணி அடிக்கிறது. கதவைத் திறந்தவர் ரெபெக்கா ஷேஃபர், 21 வயது தொலைக்காட்சி நடிகை. வந்து நின்றவன் அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து வந்த வெறிபிடித்த ரசிகன். அங்கேயே சுட்டுவிட்டான். வீட்டு முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? டூசானில் ஒரு துப்பறியும் நிறுவனத்துக்கு 250 டாலர் கொடுத்தான். அவர்கள் கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறை ஆவணத்திலிருந்து முகவரியை எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அதை எடுக்கப் பெரிய தடை ஏதுமில்லை. கேட்டார்கள், கிடைத்தது.

அந்தக் கொலையை அடுத்துக் கலிபோர்னியா அந்த ஆவணங்களைப் பூட்டியது. 1994-ல் நாடு முழுவதற்கும் ஓட்டுநர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாகன ஆவணத்தில் உள்ள தனிப்பட்ட விவரத்தை யாருக்கெல்லாம், எதற்கெல்லாம் தரலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. காவல்துறை, நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம் என்று போகும் அந்தப் பட்டியலில், உரிமம் பெற்ற தனியார் துப்பறியும் நிறுவனத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. பட்டியலில் உள்ள வேறு காரணங்களுக்காக மட்டும் அது கேட்கலாம். முதல் வாசிப்பில் இது விசித்திரம்: துப்பறியும் நிறுவனம் விற்ற முகவரியால் பிறந்த சட்டம், துப்பறியும் நிறுவனத்துக்கே ஒரு சாவியை நீட்டுகிறது. ஆனால் உரிமத்தின் உண்மையான பயன் தெரிவது இங்கேதான். அது சுவரில் மாட்டி வைக்கும் சான்றிதழ் அல்ல, பூட்டிய அலமாரியின் சாவி. எந்தச் சாவி யார் கையில் என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தால்தான், நாளைக்குப் பிடுங்க வேண்டிய கை எது என்று தெரியும்.

பத்தே ஆண்டில் கதை மறுபடியும் நடந்தது. 1999 அக்டோபரில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரில், வேலை முடிந்து வெளியே வந்த 20 வயதுப் பெண்ணைப் பள்ளிக்காலத்திலிருந்தே மனதில் வைத்து அலைந்த ஒருவன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டான். அவன் டாக்குசர்ச் என்ற இணையத் தேடல் நிறுவனத்திடம் அவளுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணை 45 டாலருக்கும், வேலை செய்யும் இடத்தை 109 டாலருக்கும் வாங்கியிருந்தான். வேலையிடத்தைக் கண்டுபிடிக்க ஆவணம் எதையும் திறக்கவில்லை. நிறுவனத்துக்காக வேலை செய்த ஒரு பெண் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டு, வேறு யாரோ போலப் பேசி வாங்கிவிட்டார். வழக்கு நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2003-ல் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: தகவலை விற்கும் துப்பறிவாளருக்கு, வாடிக்கையாளரிடம் மட்டுமல்ல, யாரைப் பற்றிய தகவலோ அவரிடமும் கவனக் கடமை உண்டு. பின்தொடர்தலும் அடையாளத் திருட்டும் எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துகள். அந்தத் துறையில் மூன்றாவது ஆளை ஒரு ஆளாக மதித்த தீர்ப்புகளில் அது முக்கியமானது.

உரிமம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற துப்பறிவாளர் ஆன்டனி பெலிக்கானோ உரிமம் பெற்றவர்தான். 2002-ல் ஒரு பெண் செய்தியாளரின் கார்க் கண்ணாடியில் செத்த மீன் ஒன்றும், நிறுத்து என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் கிடந்தன. அங்கிருந்து தொடங்கிய விசாரணை அவர் அலுவலகம் வரை போனது. பிரபலங்களின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டதும், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அதிகாரி ஒருவர் மூலம் ரகசியப் பதிவுகளைப் பார்த்ததும் வெளிவந்தன. 2008-ல் 15 ஆண்டு சிறைத் தண்டனை. 2006-ல் ஹெவ்லெட் பேக்கார்ட் நிறுவனம் தன் இயக்குநர் குழுவில் யார் செய்தி கசியவிடுகிறார் என்று கண்டுபிடிக்க வெளியாட்களை அமர்த்தியது. அவர்கள் இயக்குநர்கள் போலவும் செய்தியாளர்கள் போலவும் நடித்து தொலைபேசி நிறுவனங்களிடம் அழைப்புப் பட்டியலைக் கறந்தார்கள். விவகாரம் வெடித்ததும் கலிபோர்னியாவுக்கு 1.45 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தொலைபேசிப் பதிவை ஏமாற்றி வாங்குவது தனிக் குற்றம் என்ற மத்தியச் சட்டம் 2007 ஜனவரியில் கையெழுத்தானது.

பிரிட்டன் கதை சுருக்கமானது, ஆனால் இந்தியர்களுக்கு அதிகம் பழக்கமானது. 2001-ன் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்தில் துப்பறிவாளரும் இருக்கிறார்கள். செக்யூரிட்டி ஆட்களுக்கும் மதுக்கடை வாசல்காரர்களுக்கும் உரிமம் வந்துவிட்டது. துப்பறிவாளர் பகுதி மட்டும் நடைமுறைக்கு வரவில்லை. 2006-ல் அந்நாட்டின் தகவல் ஆணையர் வெளியிட்ட அறிக்கையில், ஒரு துப்பறிவாளரின் குறிப்பேடுகளிலிருந்து எடுத்த விலைப்பட்டியலே இருந்தது: ஒருவரின் குற்றப் பதிவு வேண்டுமென்றால் 500 பவுண்டு. வாங்கியவர்களில் பலர் செய்தித்தாள்காரர்கள். நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு செய்தித்தாளின் ஒட்டுக்கேட்பு விவகாரம் வெடித்த பிறகு, 2013-ல் உள்துறைச் செயலர் தெரசா மே, உரிமம் இல்லாத துப்பறிவாளருக்கு ஆறு மாதச் சிறை வரை தண்டனை வரும் என்று அறிவித்தார். மறு ஆண்டு தொடங்கும் என்றார்கள். தொடங்கவில்லை. சட்டம் இருக்கிறது, சாவி போட்டுத் திறக்கத்தான் யாருமில்லை. தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரில் இதே தொழிலுக்குக் காவல்துறையின் உரிமப் பிரிவு உரிமம் கொடுக்கிறது, கேட்டுப் பெறாமல் தொழில் செய்ய முடியாது. ஆகவே, செய்ய முடியாத காரியம் என்ற சாக்கும் இல்லை.

இந்தியாவில் இந்தச் சந்தையின் தங்கக் கட்டி ஒரு மூன்றெழுத்து: சி.டி.ஆர். ஒரு செல்போன் எண் எந்தெந்த எண்ணோடு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்தக் கோபுரத்தின் கீழிருந்து பேசியது என்ற பட்டியல். பேச்சு அதில் இல்லை. ஆனால் ஒருவரின் ஒரு மாதப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இரவு பதினொன்றரைக்கு யாருக்குப் பேசுகிறார், ஞாயிறு காலை எந்தத் தெருவில் இருந்தார் என்று அவருடைய அம்மாவுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். அந்தப் பட்டியலைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்கும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. தனியாருக்கு இல்லை. ஆகவே தனியாரிடம் அது இருந்தால், நடுவில் ஒரு கை இருந்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் கை 2013-ல் டெல்லியில் வெளியே தெரிந்தது. அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களை எடுக்க முயன்ற வழக்கில் டெல்லிக் காவலர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர்களும் கைதானார்கள். 2018 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் தாணேயில் இதே சி.டி.ஆர். விற்பனைக்காகத் துப்பறிவாளர் பலரைப் போலீஸ் கைது செய்தது. எதிர்க்கட்சித் தலைவரின் பட்டியல் கசிந்தால் நாடாளுமன்றம் அமளிப்படுகிறது. மடிப்பாக்கத்திலோ மதுரையிலோ ஒரு பெண்ணின் பட்டியல் கசிந்தால், வரன் ஒன்று தட்டிப்போகிறது, அவ்வளவுதான். ஏன் தட்டிப்போனது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் சொல்லியிருப்பார்.

சட்டமே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டப்படி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தரவை அனுமதியின்றி எட்டிப் பார்த்தால் மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் இவையெல்லாம் பிடிபட்ட பிறகு பாயும் சட்டங்கள். பிடிபடுவதற்கு முன் பெயரையும் முகவரியையும் கேட்டு வைக்கும் ஏடு ஒன்றும் இல்லை.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் போகவில்லை. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு விவாகரத்து வழக்கின் கிளைப் பிரச்சினையைத் தீர்த்தார். மனைவியின் அழைப்புப் பட்டியலைக் கணவர் அவருக்குத் தெரியாமல் எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்திருந்தார். கீழ்நீதிமன்றம் அதை ஒதுக்க மறுத்தது. கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, அதை மீறி எடுத்த ஆவணம் சாட்சியம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒன்பது மாதத்தில், 2025 ஜூலையில், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டின் விவரமும் வேறு என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். முதல் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. பொருளுக்கு நீதிமன்றத்திலும் கிராக்கி இருக்கிறது என்ற செய்தி மட்டும் போதும்.

பழைய மசோதாவை அப்படியே தூசு தட்டி எடுத்தால் போதுமா? போதாது. வாரியம், தலைவர், உறுப்பினர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று போனால் இன்னொரு அலுவலகம் திறக்கும், இன்னொரு வரிசை நிற்கும். துப்பறிவாளர் ஆறு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை, மார்பும் விரிய வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை மூன்று நான்குதான். வேலையை ஒப்படைத்தவர் யார், எதற்காக என்று எழுத்தில் இருக்கிறதா? ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று கோப்பில் குறிப்பு இருக்கிறதா? கொலைவெறியோடு அலைபவனுக்கும் கவலைப்படும் தகப்பனுக்கும் வித்தியாசம் பார்க்க ஏதாவது முயற்சி நடந்ததா? எல்லாவற்றுக்கும் மேலாக, பின்தொடரப்பட்டவர் வந்து புகார் சொல்ல ஒரு மேஜை இருக்கிறதா? கலிபோர்னியாவின் 6,000 மணி நேரத்தைவிட இந்த மேஜைதான் அவசரம். பழைய மசோதாவைப் பற்றிய பேச்சில் வாரியத்துக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்த மேஜைக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலே வேண்டாம் என்பதும் சரியல்ல. காப்பீட்டு மோசடியைப் பிடிப்பதும், காணாமல் போன பெரியவரைத் தேடித் தருவதும், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே குடும்பம் இருப்பதைக் கண்டு சொல்வதும் இவர்கள்தான். அந்தக் கடைசி வேலைக்காகவே நன்றியோடு இருக்கும் பெற்றோர் நிறைய. முறையாகச் செய்யும் துப்பறிவாளர் தெருவில் கேட்டுத்தான் செய்கிறார். முன்பு மாமாவும் சித்தப்பாவும் போய் மளிகைக் கடையிலும், இஸ்திரி வண்டியிலும், பூக்கார அம்மாவிடமும் விசாரித்ததைத்தான் அவரும் விசாரிக்கிறார். ஒரே வித்தியாசம், மாமா யாரென்று ஊருக்குத் தெரியும்.

மாலை ஏழு மணி. அடுக்குமாடி வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்துகிறார். கையில் ஒரு பழுப்புக் கவர். "பேங்க்ல இருந்து வர்றேண்ணே, லோன் வெரிஃபிகேஷன். சி பிளாக் மூணாவது மாடியில ஒரு பொண்ணு ஐ.டி.யில வேலை பாக்குதே, எத்தனை மணிக்கு வரும்? கேப்ல வருமா, யாராவது கொண்டுவந்து விடுவாங்களா?" வாட்ச்மேன் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அவர் கழுத்தில் புகைப்படத்தோடு அடையாள அட்டை தொங்குகிறது. அதில் அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கின்றன. வந்தவரிடம் அட்டை எதுவும் இல்லை, இவரும் கேட்கவில்லை. அசோசியேஷன் உத்தரவு என்பதால் நீளமான நோட்டை மட்டும் எடுத்து நீட்டுகிறார். பெயர், வண்டி எண், வந்த நேரம், யாரைப் பார்க்க. வந்தவர் ஒரு நொடி யோசித்து, ஏதோ ஒரு பெயரை எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கிறார்.